அதற்குக் கழுத்தே இல்லை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, விமர்சகர் தன் முப்பதாண்டுப் புகழின் மேல் கால் நீட்டிச் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பழைய படச்சுருள்களைச் சீராக்கும் காப்பகத்திலிருந்து அங்கே வேலை செய்யும் பெண் பேசினாள்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். 'ஆழத்தான்' படத்துல மிருகம் தலைய சாய்க்கிற காட்சி எத்தனாவது ரீல்ல வருது?"

"ஏழாவது," என்றார் விமர்சகர். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுவது அவர் வழக்கம். யோசித்தால் தெரியாதவர் போல் ஆகிவிடும்.

"ஏழு பாத்துட்டேன் சார். ஆறு, எட்டுகூடப் பாத்துட்டேன். இல்ல."

"ஒரு ரீல் தொலைஞ்சிருக்கும்மா. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சே."

"ஒம்பதும் இருக்கு சார். ஓரத்துல நம்பர் வரிசையா ஓடுது, ஒரு அடிகூட விட்டுப் போகல. சத்தம் மட்டுந்தான் பூஞ்சை பிடிச்சு முழுசாப் போயிடுச்சு. படம் பளிச்சுன்னு இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "அதுவும் இல்லாம சார், அதால தலைய சாய்க்கவே முடியாது. அதுக்குக் கழுத்தே இல்ல."

விமர்சகர் கோப்பையைக் கீழே வைத்தார். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது சொட்டும்வரை பயமில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்ற வேண்டும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் தோன்றி வந்தது.

'ஆழத்தான்' என்ற அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏரிக்கு அடியிலிருந்து ஒரு மிருகம் எழுந்து வந்து ஊரைக் கலக்கும் கறுப்பு வெள்ளைப் படம். ஐம்பத்திரண்டு வருடங்களுக்கு முன் பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் தயாரிப்பாளர் ஓடினார். பிரதிகளைச் சீப்பு செய்பவர்கள் எடைக்கு எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த மிருகத்தால் எத்தனையோ பேர் தலை வாரிக்கொண்டிருக்கலாம். பார்த்தவர் யாரும் இல்லை. சுவரொட்டியில்கூடத் தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும்தான் இருந்தது.

யாரும் பார்க்க முடியாத படம் ஒரு விமர்சகருக்குக் கிடைப்பது லேசுப்பட்ட விஷயமல்ல. நம்மவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 'ஆழத்தான்' மிருகம் தாக்குவதற்கு முன் இரண்டு காரியம் நடக்கும் என்று இருபத்தெட்டு வயதில் எழுதினார். முதலில், எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடும். பிறகு மிருகம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெதுவாக, யாரோ மூச்சு விடுவதைக் கேட்பது போல் நிற்கும். அவ்வளவுதான். அதைப் படித்த ஊரே நடுங்கியது. கட்டுரை புத்தகமாயிற்று: 'சாய்வின் அழகியல்'. நீர் நின்ற அந்த மௌனத்துக்கு மட்டும் நாற்பது பக்கம். முதல் பக்கத்தில், "எனக்கு ஒழுங்கைக் கற்றுத்தந்த தந்தைக்கு" என்று சமர்ப்பணம்.

பிறகு மூன்று ரீமேக்குகள் வந்தன. மூலப் படம் இல்லாததால் மூன்று இயக்குநர்களுமே விமர்சகரின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படமெடுத்தார்கள். முதல் ரீமேக்கில் சமையலறைக் குழாய் நின்றது. மிருகம் தலையைக் கால்வாசி சாய்த்தது. இரண்டாவதில் குளியலறை முழுவதும் வாயடைத்தது. தலை தோள்மேல் விழுந்தது. மூன்றாவதில் ஓர் அணையே ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் நின்றது. தலை ஒரு முழு வட்டம் சுற்றி வந்தது. ஒவ்வொன்றையும் விமர்சகர் மூலத்தோடு ஒப்பிட்டுக் கிழித்தார். "மூலத்தின் சாய்வில் இருந்த அடக்கம் எங்கே?" என்று கேட்டார். பிள்ளைகள் தாயைப் போல இல்லையே என்று அடித்துக்கொண்டார். அந்தத் தாயின் முகத்தை அவரும் பார்த்ததில்லை என்பதுதான் விஷயம்.

ஆம். பார்த்ததில்லை. ஆறு வயதில் கொட்டகைக்குப் போனார், உண்மை. பித்தளை வாத்தியங்கள் அலற, ஏரியில் முதல் குமிழி வெடித்ததுமே முகத்தைப் பத்து வயது அக்காவின் மடியில் புதைத்துக்கொண்டார். மணி அடித்து விளக்கு போடும்வரை எடுக்கவில்லை. "என்னக்கா பண்ணுது? இப்ப என்னக்கா பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். தலை சாய்ந்ததும் தண்ணீர் நின்றதும் அக்காவின் வாயிலிருந்து அவர் காதுக்கு வந்தவை. அங்கிருந்து உலகத்துக்குப் போயின.

இதில் வேடிக்கை, படத்தை அந்த நாளிலேயே பார்த்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் எழுதிய கடிதங்கள். ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. "அய்யா, அந்தத் தலை சாய்ந்த இடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது." "தண்ணீர் நின்றபோது என் பக்கத்து இருக்கைக்காரர் மயங்கி விழுந்தார்." விமர்சகர் அவற்றைப் படித்துப் படித்து, தானும் பார்த்திருக்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்திருந்தார்.

இப்போது, இடிக்கப்பட்ட ஒரு கொட்டகையின் திரைச்சீலைப் பெட்டிக்குள் ஒரு பிரதி கிடைத்துவிட்டது. வரும் ஞாயிறு காலை பத்தரைக்குப் பொதுமக்களுக்குத் திரையிடுகிறார்கள். ஒலி அழிந்துவிட்டதால் விமர்சகரே மேடை ஓரத்தில் ஒலிவாங்கியோடு அமர்ந்து, தொடக்கம் முதல் முடிவுவரை படத்தைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். விளம்பரம் ஒட்டியாயிற்று. அதில் அவர் பெயருக்கு முன்னால் 'ஒப்பீட்டுச் சக்கரவர்த்தி' என்று போட்டிருந்தார்கள். சக்கரவர்த்தி வியாழக்கிழமைவரை எதுவும் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காப்பகத்துக்குப் போனார். முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிட்டால் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. எட்டுப் பேர் உட்காரும் சிறிய அறை. ஒரு மூலையில் துடைப்பம், ஒரு மூலையில் தண்ணீர்க் குடுவை. பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. காப்பகப் பெண் விளக்கை அணைத்து, மிருகம் வரும் நாலாவது ரீலிலிருந்து ஓட்டினாள். திரையில் ஏரி வந்தது. ஒரு குமிழி எழும்பியது.

ஐம்பத்தெட்டு வயது விமர்சகரின் கண்கள் அவரைக் கேட்காமலே மூடிக்கொண்டன. திறக்கப் பார்த்தார். இமைகள் யாரோ விரலால் அழுத்திப் பிடித்ததுபோல் இருந்தன. முதுகில் வேர்வை வழிந்தது. சத்தமில்லாத படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமின்மைதான் அவருக்குத் தாங்கவில்லை. எங்கும் தண்ணீர் ஓடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து விளக்கு எரிந்தது.

"சார், தூங்கிட்டீங்களா?"

"தியானம்," என்றார் விமர்சகர்.

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிய விரல்கள் இன்னும் வெளுத்துத்தான் இருந்தன. அவள் சுருளைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

அன்று பிற்பகல் அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா வீட்டிலேயே தைப்பவள். நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, கிழிசல் மூடுவது. அவளுடைய வீட்டின் அமைதியைப் பற்றி விமர்சகர் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார். தையல் இயந்திரத்துக்கு அடியில் நான்காய் மடித்த கம்பளி இருக்கும். கத்தரிக்கோலைத் துணிமேல்தான் வைப்பாள். தட்டுகளுக்கு நடுவே துணித்துண்டு. அழைப்பு மணியின் கம்பியை அவளே பிடுங்கிவிட்டாள்; துணி கொண்டு வருகிறவர்கள் விரல் நுனியால் தட்ட வேண்டும். "அக்கா வீட்ல உக்காந்தாத்தான் எனக்கு எழுத்து வரும்" என்பார். அந்த நாற்பது பக்க மௌனமே அங்கே உட்கார்ந்து எழுதியதுதான்.

அப்பாவும் அங்கேதான் இருந்தார். எண்பத்தெட்டு வயது. ஆலையின் கொதிகலன் அறையில் முப்பத்தைந்து வருடம் இரவு வேலை பார்த்ததில், முதல் பத்து வருடத்திலேயே இடது காது போய்விட்டது. விமர்சகரின் வீட்டில் அவருக்கு இடமில்லை. அங்கே ஓர் அறை முழுவதும் புத்தகங்கள்.

விமர்சகர் உள்ளே நுழைந்ததும் அப்பா நாற்காலியில் இருந்தபடியே வலது காதை முன்னால் கொண்டுவந்து தலையைச் சாய்த்தார்.

"யாரு?"

"நான்தாம்ப்பா."

"ம். புஸ்தகம் விக்குதா?"

"அதெல்லாம் விக்குதுப்பா."

அப்பாவுக்கு அது போதும். கைத்தடியைப் பிடித்து எழுந்து, அங்குலம் அங்குலமாகக் குளியலறைப் பக்கம் நகர்ந்தார். விமர்சகர் அக்காவின் எதிரே முக்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, அந்தப் படம் கெடச்சிருச்சு."

"எந்தப் படம்?" அவள் தாழ்ந்த குரலில்தான் எப்போதும் பேசுவாள்.

"ஆழத்தான். ஞாபகம் இருக்குல்ல? ஞாயித்துக்கெழம காலைல அம்மா நம்மள அனுப்பிச்சாங்களே."

"அப்பா தூங்கணும்னு அனுப்பிச்சாங்க," என்றாள் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "வீட்ல நாம இருந்தா சத்தம் வரும்ல."

"அதே படந்தான். அதுல தலைய சாய்க்கிற எடம் இல்லவே இல்லைங்கறாங்க. அதுக்குக் கழுத்தே கெடையாதாம். நீ பாத்தியாக்கா? சரியாத்தான் பாத்தியா?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். குளியலறையில் குழாய் திறந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடியது. நின்றது. அக்காவின் கையிலிருந்த ஊசியும் அந்தரத்தில் நின்றது. கைத்தடி தரையில் ஊன்றும் ஒலி, பிறகு கட்டில் முனகும் ஒலி. ஊசி மறுபடி துணிக்குள் இறங்கியது.

அவள் படத்தை நினைவுபடுத்திக்கொள்கிறாள் என்று விமர்சகர் நினைத்தார்.

"அது தலைய சாய்க்கும்டா," என்றாள் அக்கா. "நல்லாத் தெரியும் எனக்கு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் வந்தது. உயிர் வந்தது போல் இருந்தது. காப்பகத்துப் பெண்ணுக்குக் கண் கோளாறு, அக்காவுக்கு அல்ல. திட்டத்தைச் சொன்னார். "எனக்குக் கண்ணுல சின்ன ஆபரேஷன்னு சொல்லி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கறேன். நீ பக்கத்துல உக்காந்து என்ன நடக்குதுன்னு காதுல சொல்லு. நான் மைக்ல சொல்றேன். அன்னைக்கு மாதிரியேதான்."

"இன்னும் ஒனக்குப் பயமா?"

"பயமெல்லாம் இல்ல. கண்ணு மூடிக்குது."

அக்கா சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. "ஆறு வயசுல மடியில படுத்த. இப்ப மடியும் தாங்காது, நீயும் தாங்க மாட்ட. சரி, வர்றேன். ஆனா ஒரு மணிக்குள்ள என்னை இங்க கொண்டாந்து விட்டுடணும். தாமசமானா அவரு கேப்பாரு."

"கேட்டா என்ன?"

"கேப்பாரு," என்றாள் அக்கா மறுபடியும்.

ஞாயிறு காலை அரங்கு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மூன்றாவது ரீமேக்கின் இயக்குநர், ஆறு உதவியாளர்களோடு. அணையை வாய்மூட வைத்தவர் அவர்தான். விமர்சகரைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார். "அய்யா, மூலத்தின் காலடியில் உக்கார வந்திருக்கோம்," என்றார். அவருடைய செருப்பின் விலைக்கு அந்த மூலத்தை நாலு தடவை எடுத்திருக்கலாம்.

விமர்சகர் கறுப்புக் கண்ணாடியோடு மேடை ஓரத்தில் அமர்ந்தார். பக்கத்தில் அக்கா, மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கைகள். அறுவைச் சிகிச்சையைப் பற்றி அறிவித்தார். "இந்தப் படத்தைப் பேச எனக்குக் கண் தேவையில்லை. எந்த இடத்தில் இருக்கிறோம் என்று என் தமக்கை கோடு காட்டினால் போதும்," என்றார். அரங்கில் ஒரு பெருமூச்சு ஓடியது. படத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் மனிதர்! பின்னால், படம் ஓட்டும் அறையின் சிறிய சதுரத்தில் காப்பகப் பெண்ணின் முகம் மட்டும் அசையாமல் இருந்தது.

விளக்கு அணைந்தது. விமர்சகர் கண்ணாடிக்குள் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

முதல் மூன்று ரீல் சுகமாகப் போயிற்று. "ஏரி. ஒரு படகு. ரெண்டு பேரு வலைய இழுக்கறாங்க," என்று அக்கா முணுமுணுப்பாள். "மனிதனின் பேராசை வலையாக நீரில் இறங்குகிறது," என்பார் விமர்சகர். "டாக்டர் வர்றாரு. தொப்பி வெச்சிருக்காரு." "அறிவியல் தலைக்கனத்தோடு நுழைகிறது." மூன்றாம் இயக்குநரின் உதவியாளர்கள் எழுதும் பேனாச் சத்தம் கேட்டது.

நாலாவது ரீலில் அக்காவின் குரல் ஒரு கணம் நின்றது. "தண்ணில குமிழி வருது," என்றாள். அவளுடைய கை அவர் முழங்கையைப் பற்றியது. விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஆழம் மூச்சு விடுகிறது," என்றார் விமர்சகர். அரங்கில் எங்கோ ஒருவர் சிரித்தார். ஏன் சிரிக்கிறார்? "சொல்லுக்கா," என்றார் உதட்டை அசைக்காமல். "என்ன பண்ணுது?"

"கதவு தெறக்குது," என்றாள் அக்கா.

"ஒரு கதவு திறக்கிறது. நாகரிகத்தின் கதவு."

"சாப்பாட்டு டப்பாவக் கீழ வெக்குது. டங்குனு."

அவர் இதை எப்படி உயர்த்துவது என்று யோசித்தார். கிடைக்கவில்லை. "சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைக்கிறது," என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"கொழாயத் தெறக்குது. தண்ணி ஓடுது. ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணுமில்ல. கை கழுவிட்டுப் போய்ப் படுத்துடும்."

அவர் அப்படியே சொன்னார். அலங்காரம் எதுவும் ஒட்டவில்லை. அக்காவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கடையில் அளவு சொல்வது போலச் சொன்னாள்.

"தண்ணி நின்னுடுச்சு."

"தண்ணீர் நின்றுவிட்டது."

அரங்கில் சிரிப்பு நின்றது. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

"ஒரு பொண்ணு கட்டிலுக்கு அடியில இருக்கா. சட்டைக் காலர வாயில திணிச்சுக் கடிச்சுக்கிட்டு இருக்கா. அவ ஒண்ணும் பண்ணல. தட்டு கை தவறி விழுந்துச்சு. ஒரே ஒரு தட்டு."

"ஒரே ஒரு தட்டு," என்றார் விமர்சகர். இந்தக் காட்சியை அவர் கேட்டதில்லை. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன் அக்கா இதைச் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"கால் மட்டும் தெரியுது. ரூம் வாசல்ல வந்து நிக்குது. உள்ள வரல. நின்னுக்கிட்டே இருக்கு. மூச்சு விடுற சத்தம் கேக்குதான்னு பாக்குது. அவ மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கா. முப்பத்தஞ்சு எண்ற வரைக்கும் அவளால முடியும். அதுக்கு மேல முடியாது. அதுக்கும் அது தெரியும்."

அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். முன்வரிசையில் பேனாக்கள் நின்றிருந்தன.

"இப்பக் குனியுது. தலைய சாய்க்குது. நல்ல காத இந்தப் பக்கம் திருப்புது."

"நல்ல காதை," என்று தொடங்கினார் விமர்சகர்.

நிறுத்தினார்.

நாற்பது பக்கம் எழுதியவர். பதினேழு பதிப்பு கண்டவர். அந்தச் சாய்வு மனித குலத்தின் ஆதிக் கேள்வி என்று நிறுவியவர். மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போய், "நான்தாம்ப்பா" என்று சொல்லி அந்தச் சாய்வுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு வருபவர்.

கண்ணாடியைக் கழற்றினார். கண் திறந்துகொண்டது. முதலில் திரையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். அறுபத்திரண்டு வயது அக்கா, கைப்பையை நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி, கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். கன்னச் சதையெல்லாம் கண்ணை நோக்கிச் சுருங்கியிருந்தது.

பிறகு திரையைப் பார்த்தார். ரப்பர் உடுப்புக்குள் ஓர் ஆள் சேற்றில் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். தலையும் தோளும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருந்தன. முதுகில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. கதாநாயகியைத் தூக்க முடியாமல் இரண்டுமுறை இறக்கி வைத்தான். அவள் உதவியாகத் தானே எக்கிக்கொண்டாள். பாவம், ஒரு பிள்ளைகூடப் பயந்திருக்காது.

விமர்சகர் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார்.

"அக்கா. கண்ணத் தொற."

"முடிஞ்சிருச்சா?"

"அன்னைக்கும் நீ மூடிக்கிட்டுத்தான் இருந்தியா?"

"ஆமா. எனக்கும் பயம்தான். நீ கேட்டுக்கிட்டே இருந்த. ஒண்ணும் சொல்லலன்னா அழுவ. எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல? பெரியவங்களானப்புறமாவது."

"நீ காலைல பள்ளிக்கூடம் போயிடுவ. எனக்கு மத்தியானப் பள்ளிக்கூடம். அப்பா ராத்திரி வேல முடிஞ்சு எட்டு மணிக்கு வருவாரு, அம்மா வேலைக்குப் போயிருப்பாங்க," என்றாள். பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில், "புஸ்தகத்துல எல்லாத்தையும் எழுதியிருந்தியே. ஒனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்," என்றாள்.

மிச்சப் படம் பேச்சில்லாமலே ஓடி முடிந்து விளக்கு வந்தபோது முந்நூறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். விமர்சகர் எழுந்தார். ஐந்து நாளாக எதை நினைத்து நடுங்கினாரோ அதைத் தன் வாயாலேயே செய்தார்.

"நான் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை," என்றார் ஒலிவாங்கியில். "இன்றுதான் பார்த்தேன். அதுவும் பிற்பாதி மட்டும். நான் எழுதியது எதுவும் இதில் இல்லை."

கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். "எவ்வளவு பெரிய தத்துவத்த எவ்வளவு எளிமையாச் சொல்லிட்டாரு," என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விமர்சகர் மறுபடியும் "உண்மையாகவே பார்த்ததில்லை" என்றார், கைதட்டல் கூடியது. சக்கரவர்த்திகள் நினைத்தபோது இறங்கிவிட முடியாது.

மூன்றாம் இயக்குநர் மேடைக்கே ஓடி வந்துவிட்டார். "அய்யா, அந்தச் சாப்பாட்டு டப்பா! அந்தக் கட்டில்! நாலாவது ரீமேக்க நாளைக்கே ஆரம்பிக்கிறேன். அந்தப் பொண்ணு முப்பத்தஞ்சு எண்றாளே, அத நூறாக்கிடலாமா?"

"முப்பத்தஞ்சுக்கு மேல முடியாது தம்பி," என்றாள் அக்கா. "தல சுத்தும்." இயக்குநர் அதையும் எழுதிக்கொண்டார்.

வாசலில் காப்பகப் பெண் நின்றிருந்தாள். கைதட்டாத ஒரே ஆள். அக்காவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "ஆட்டோ சொல்லட்டுமா சார்? அம்மாவுக்கு வேர்த்திருக்கு," என்றாள்.

வழியெல்லாம் அக்கா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்று பத்து ஆகிவிட்டது. வீட்டு வாசலில் சாவியைக் கையில் எடுத்தாள். பூட்டில் போடவில்லை. நின்றாள்.

"என்னக்கா?"

விரலை உயர்த்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பட்டப்பகல். தெருவில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்தது.

"ஓடுது," என்றாள் அக்கா. "ஓடட்டும். கை கழுவிட்டுப் படுத்ததும் உள்ள போலாம்."

ஓடாமல் நின்றால் என்ன என்று விமர்சகர் கேட்கவில்லை. அதைப் பற்றி அவர் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார்.

"அவருக்கு எம்பத்தெட்டு வயசுக்கா. எந்திரிக்கவே அஞ்சு நிமிஷம் ஆவுது."

"தெரியும்டா. நான்தானே தூக்கி விடறேன்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் அவருக்குப் புரிந்தது. தினமும் இந்த வாசலில் அவள் இப்படி நிற்கிறாள். கையில் துணிமூட்டையோடு, காய்கறியோடு, தன் வீட்டுச் சாவியோடு. தினமும் தானே கை கொடுத்து எழுப்பி, தானே ஊட்டி, தானே படுக்கவைத்து, பிறகு அடுத்த அறையில் கம்பளிமேல் இயந்திரத்தை வைத்து மூச்சை அடக்கிக்கொண்டு தைக்கிறாள். அந்த அமைதியில்தான் அவருக்கு எழுத்து வந்தது.

"குடு," என்று கையை நீட்டினார்.

"எதுக்கு?"

"சாவியக் குடு. நான் மொதல்ல போறேன். நீ கண்ண மூடிக்க. நான் பாத்துச் சொல்றேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இவனாவது, பார்ப்பதாவது என்பது போல உதட்டோரத்தில் ஒரு சுழிப்பு. இருந்தாலும் சாவியைக் கொடுத்தாள். சுவரில் சாய்ந்து, கைப்பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கண்களை மூடினாள்.

விமர்சகர் சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பினார். கதவு ஒரு சாண் திறந்தது. கூடம், தையல் இயந்திரம், காலி நாற்காலி, அதற்கப்பால் குளியலறைக் கதவின் இருண்ட பிளவு.

தண்ணீர் நின்றது.

கைத்தடி ஊன்றும் ஒலி வரவில்லை. கட்டில் முனகவில்லை. பிளவுக்கு அப்பால் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விமர்சகரின் இமைகள் தாமாக இறங்கத் தொடங்கின. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு கண்ணை அவர் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

பின்னால், மூடிய கண்களோடு, அக்கா கேட்டாள்:

"என்னடா பண்ணுது?"